மனிதர்: நீக்கப்பட்டவை

ஐம்பத்தேழு வயதில் நான் நான்கு காலில் தவழ்கிறேன். விளையாட்டுக்கு இல்லை, சம்பளத்துக்கு. காட்டில் மரத்தோடு கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, யாராவது ஒருவர் சிறுத்தையின் உயரத்துக்குக் குனிந்து அதன் முன்னால் தவழ்ந்துபோக வேண்டும். சிவப்பு விளக்கு மின்னினால் சரி. மின்னாவிட்டால் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிவிட்டு, மறுபடியும் தவழ வேண்டும். முன்பு இந்த வேலையை என் மகள் கௌசி செய்தாள். அவள் ஜப்பானுக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போது நானே சிறுத்தை, நானே விஞ்ஞானி.

என் பெயர் சுந்தரலிங்கம். பிறப்புச் சான்றிதழில் சுந்தலிங்கம். தோட்டத்து ஆபீசில் எழுதிய கிளாக்கர் ஒரு ‘ர’வைத் தின்றுவிட்டார். அந்த ‘ர’வைத் திரும்ப வாங்குவதற்குள் கலாநிதிப் பட்டமே வாங்கிவிட்டேன். கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் ஏறினால் மானாத்தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசைவீடான லயம் ஒன்றில் பிறந்தேன். இப்போது அதே தோட்டத்தின் மேல் பக்கம், பழைய குவாட்டர்ஸ் ஒன்றில் குடியிருக்கிறேன். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் வாழும் சிறுத்தைகளைக் கணக்கெடுப்பதுதான் என் ஆராய்ச்சி. தோட்டத்தில் எனக்குப் பெயர் ‘புலி டாக்டர்’. காய்ச்சல் என்று வந்து நிற்பவர்களிடம் நான் அந்த டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். பிறகு மேசை லாச்சியில் பனடோல் வாங்கி வைத்துவிட்டேன். விளக்கத்தைவிட அது சுலபம்.

என் கணினியில் நாற்பத்தொரு சிறுத்தைகள் இருக்கின்றன. இடது விலா, வலது விலா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். புள்ளிகளை வைத்து ஆளை அடையாளம் சொல்லிவிடுவேன். இந்தப் படங்களை நான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். மிருகம் நடக்கிறது, அதன் உடல் சூட்டுக்குக் கேமரா விழிக்கிறது, அவ்வளவுதான். கொழும்பிலிருந்து கைத்தடி நீள லென்ஸோடு ஜீப்பில் வந்து இறங்கும் கனவான்கள் ‘என்ன ஷட்டர் ஸ்பீட்?’ என்று கேட்கும்போது, அதைச் சிறுத்தையிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரிப்பதில்லை.

அரசியல் பேச எனக்குத் தகுதி இல்லை என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். கம்பிச் சுருக்கில் ஒரு சிறுத்தை மாட்டினால் அன்றைக்கே வைத்தியர், அதிகாரி, பத்திரிகைக்காரர் எல்லாரும் மலை ஏறி வந்துவிடுகிறார்கள். வரட்டும், வரத்தான் வேண்டும். அவர்களுக்கு வழிகாட்டுபவனே நான்தான். ஆனால் கொழுந்து பறிக்கிற பெண்ணைக் குளவி கொட்டினால் கொழுந்து லொறிதான் வருகிறது. சிறுத்தைக்கு நான் கொடுத்த இலக்கமாவது இருக்கிறது. கீழே லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வீட்டு இலக்கம் இல்லை. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே யாருக்காவது நினைவு வந்தால் வீடு வந்து சேரும். தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் வாசல் எல்லாருக்கும் சரியாகத் தெரிந்துவிடும். சரி, இதை விடுகிறேன். இரத்த அழுத்தம் ஏறுகிறது.

நான் சொல்ல வந்தது ஒரு சொல்லால் வந்த வினை.

இரண்டாயிரத்து எட்டு. யுத்த காலம். கேமராப் பையும் நிலப்படமுமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி, பையைத் திறந்து பார்த்துவிட்டு, மீசை முளைக்காத ஒரு சிப்பாய் கேட்டான், “மொகத கரன்னே?” என்ன வேலை செய்கிறாய் என்று. நான் உள்ளதைச் சொன்னேன். “கொட்டியா ஹொயனவா, சேர்.” இந்தப் பக்கத்துச் சிங்கள ஆட்கள் சிறுத்தையை ‘கொட்டியா’ என்றுதான் சொல்வார்கள். அவர்களோடு வேலை செய்து எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வரும். ஆனால் அந்தக் காலத்தில் அதற்கு வேறொரு அர்த்தமும் இருந்தது. நிலப்படமும் கேமராவும் வைத்திருக்கும் ஒரு தமிழன், சிப்பாயிடமே நின்று, புலியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறான். தமிழில் சொல்லியிருந்தாலும் இதே கதிதான். எங்களுக்கும் அது புலிதானே.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளர் பேசி மறுநாள் என்னை விட்டார்கள். இதைச் சொல்லிப் பல விருந்துகளில் சிரிக்க வைத்திருக்கிறேன். கதையின் மறுபாதியை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. கேமராவில் இருந்த படங்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றில் வீரய்யா அண்ணன் விறகுக்கட்டோடு காட்டுப் பாதையில் நின்றார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், என்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். யார் இவன், காட்டில் இவனுக்கு என்ன வேலை என்றார்கள். பெயரைச் சொன்னேன். பயத்தில் சொன்னேன். என்னை விட்ட அன்றைக்கே அவரைப் பிடித்தார்கள். பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது. ஏன் தம்பி என் பெயரைச் சொன்னாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். மனிதர் படம் விழுந்தால் பார்த்த கையோடு அழித்துவிடுவது. விறகு வெட்டுகிறவர்கள் யார் என்று தோட்டத்துத் துரை படம் கேட்டபோதும், சுருக்கு வைப்பவன் யார் என்று அதிகாரிகள் கேட்டபோதும், என்னிடம் மிருகம் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அரசியல் அதுதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கௌசிக்கு ஏழு வயதில் இந்தப் புது ரகக் கேமராக்கள் வந்தன. தவழ ஆள் வேண்டும் என்று சொன்னதும், “நா புலிப்பா” என்று பாவாடையோடு சேற்றில் இறங்கிவிட்டாள். உறுமுவாள், நாக்கை நீட்டுவாள், வாலுக்குப் பதிலாக ஒரு கையை ஆட்டுவாள். வீட்டுக்கு வந்து கணினியில் படங்களைப் போட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். “அழிக்காதீங்கப்பா” என்று கெஞ்சுவாள். மகளாக இருந்தாலும் மனிதர் மனிதர்தானே, சட்டம் சட்டம்தான் என்று அழித்துவிடுவேன். அதில் ஒரு படம்கூட இப்போது என்னிடம் இல்லை. முட்டாள்தனம் என்று எழுதிவிட்டேன், மனசு ஆறவில்லை.

அவளுக்குப் பதினான்கு வயதில் லோஜினி போய்விட்டாள். என் மனைவி. மார்பில் கட்டி, எட்டே மாதம். அதன் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. சாப்பிட்டியா, குடை எடுத்தியா, கதவைப் பூட்டினியா. இரண்டு பேருமே அழத் தெரியாத ஆட்கள், என்ன செய்வது? அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் ஏழாம் நம்பர் கேமராவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படத்தில் கௌசி நின்றாள். கையில் கொப்பித் தாள். ‘அப்பா, ஸ்கூல் டூர் 15ஆம் தேதி. போகவா?’ மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது, “போயிட்டு வா” என்றேன். அவளும் சரி என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் மனசு லேசாக இருந்தது.

ஏழாம் நம்பர், எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் மேட்டில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில் கட்டியிருந்தது. அங்கேதான் ஃபோனுக்கு சிக்னலும் வரும். அதனால் அவள் தினமும் அந்தப் பக்கம் போவாள். அந்த ஒன்றரை வருடத்தில் ஏழெட்டுத் தாள்கள் வந்தன. புதுச் சப்பாத்து வேண்டும் என்று ஒன்று, கணித மார்க் ஒன்று, அம்மாவின் திதி நாளை மறந்துவிடாதீர்கள் என்று ஒன்று. வாயால் சொல்ல முடியாததை எல்லாம் அவள் மரத்திடம் சொன்னாள். நான் மறுநாள் தேநீரோடு பதில் சொன்னேன்.

இரண்டாயிரத்து இருபதில் நிலையத்துக்கு ஒரு மென்பொருள் வந்தது. கேமரா கார்டைப் போட்டால் படங்களைத் தானே பிரித்துவிடும். பன்றி ஒரு பக்கம், முள்ளம்பன்றி ஒரு பக்கம், சிறுத்தை ஒரு பக்கம். மனிதர் என்றால் யார் கண்ணிலும் படாமல் நீக்கிவிடும்படி நானே அமைத்தேன். என் சட்டத்துக்கு ஒரு இயந்திரம் கிடைத்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! தாள்கள் அதோடு நின்றுபோயின. பிள்ளை வளர்ந்துவிட்டாள், விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மென்பொருளைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளை வளர்ப்பில் எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. என் அப்பா சிவசாமி ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தியவர். கிரிக்கெட் வேண்டாம், சினிமா வேண்டாம், நான் விரும்பிய ஓவியப் பாடம் வேண்டாம். என் பிள்ளைக்கு அந்தச் சொல்லை ஒரு நாளும் சொல்வதில்லை என்று லோஜினியின் வயிற்றில் கௌசி இருக்கும்போதே சபதம் எடுத்தேன். சபதத்தைக் காப்பாற்றியும் விட்டேன். டாக்டர் புள்ளைய சுதந்திரமா வளக்கிறாரு என்று தோட்டத்தில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

உயர்தரம் முடித்து, மட்டக்களப்பில் விவசாயப் பீடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அதே சமயத்தில் ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் விண்ணப்பித்திருந்தாள். நாடு வங்குரோத்தாகி, தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கிடைத்த விமானத்தில் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, நா ஜப்பானுக்குப் போகட்டுமா?”

“ஒன் இஷ்டம்மா.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“நா நெனைக்கிறது முக்கியமில்ல. ஒனக்குப் புடிச்சதச் செய்.”

அவள் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தாள். பிறகு மூடினாள். மே மாதம் பன்னிரண்டாம் தேதி விமானம் ஏறினாள். விமான நிலையத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டம் அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த மாதக் கடைசி மழையில் மேடு சரிந்து, ஏழாம் நம்பரும் மரத்தோடு ஓடைக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமா? சோறு வைத்தால் இரண்டு பேருக்கு அளந்துவிடுகிறது கை. மீதியைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் தின்கிறேன். மழை பெய்தால் யாரிடமாவது மழை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்கு ஏறி ஃபோன் எடுப்பேன். சாப்பிட்டீங்களா, சாப்டேன், குளிரா, குளிர்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் யாரோ ஒருவருடைய அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள், முகம் துடைக்கிறாள், நடக்கப் பழக்குகிறாள். அந்தக் கிழவர் மேல் எனக்குப் பொறாமை. இதை ஒரு விஞ்ஞானி எழுதுவது கேவலம்தான். இருந்தாலும் பொறாமைதான்.

போன நவம்பரில் கொத்மலைப் பக்கம் எத்தனையோ வீடுகளை மண் மூடிய அந்த மழை, எங்கள் ஓடையையும் புரட்டிப் போட்டது. ஜனவரியில் ஒருநாள் காலையில் வீரய்யா அண்ணன் வாசலில் வந்து நின்றார். மாட்டுக்குப் புல் அறுக்க ஓடைக்குள் இறங்கியவர். கையில் ஒரு சாக்கு. அதை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இது ஒங்க பொட்டிதானே? மண்ணுக்குள்ள கெடந்திச்சு.”

சாக்கைப் பிரித்தேன். ஏழாம் நம்பர். லென்ஸ் தன்னைப் பார்க்காதபடி திருப்பி, அதன் மேல் ஒரு துணியையும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பதினேழு வருடம் கழித்தும் கேமராவின் முகத்துக்கு நேரே நிற்க அவருக்கு மனசில்லை.

“இதுல நா இருக்கேனா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. மனுசங்க படத்த எல்லாம் அழிச்சிடுவேன். ஒங்களுக்கு அப்படி ஆன பொறகு...”

அவர் கேட்கும் காதை என் பக்கம் திருப்பினார். “ஏன் அழிக்கிறீங்க? எங்க வீட்டுல அவ செத்தப்ப, வைக்கிறதுக்கு ஒரு படம் இல்ல. அவளுந்தானே தெனம் அந்த வழியா வெறகுக்குப் போனா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

கேமரா செத்துவிட்டது. உள்ளே இருந்த கார்டு மட்டும் நனையாமல் இருந்தது. மென்பொருள் அதை ஏற்கவில்லை. கோப்புகள் சிதைந்திருக்கின்றன என்று திருப்பித் தள்ளியது. ஆனால் கார்டை நான் எடுக்காமல் விட்டிருந்த அந்தக் கடைசி மூன்று மாதங்களில் ஒரு பெண் சிறுத்தை குட்டிகளோடு அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க உட்கார்ந்தேன்.

பன்றி. பன்றி. யாருடைய நாயோ. முயல். பிறகு கௌசி.

இருபது வயதுப் பெண், சுடிதாரோடு, நான்கு காலில். நாக்கு வெளியே. ஒரு கை பின்னால் வாலாக நீண்டிருந்தது. கீழே தேதியும் வெப்பநிலையும் அச்சாகியிருந்தன. மார்ச் மூன்று, பதினான்கு பாகை.

மார்ச் பதினேழில் தாள் இருந்தது. ‘25ஆம் தேதி இன்டர்வியூ. சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க.’

ஏப்ரல் இரண்டில் இன்னொரு தாள். எழுத்துகளைப் பெரிதாக, மை கொட்டி எழுதியிருந்தாள். ‘அப்பா, வேணாம்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க. போகமாட்டேன்.’

மே பத்தாம் தேதி, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், கையில் தாள் இல்லை. சும்மா நின்றாள். எதிரில் அசைவு இருந்தால் இந்தக் கேமரா நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். பத்தொன்பது படங்கள் இருந்தன. பத்தொன்பதாவதில் முதுகு தெரிந்தது.

அழுதேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? பிறகு, பழக்கம் விடாதே, பழைய பதிவுகளைத் திறந்தேன். மென்பொருள் படத்தை அழித்தாலும் எண்ணிக்கையை வைத்திருக்கும். ‘கேமரா 7. மனிதர்: நீக்கப்பட்டவை 2,316.’ மற்றக் கேமராக்களில் நூறு, இருநூறு. அந்த வித்தியாசத்தை நான் அப்போதே கவனித்திருக்கிறேன். வருடாந்த அறிக்கையில் என் கையெழுத்தோடு ஒரு வரி இருக்கிறது: ‘ஏழாம் இலக்கத்தில் மனித நடமாட்டம் மிக அதிகம். விறகு சேகரிப்போராக இருக்கலாம். கேமராவை இடம் மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.’

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேட்டுக்கு ஏறினேன். மரம் இருந்த இடத்தில் இப்போது செம்மண்தான். அங்கே நின்று எடுத்தேன். அவள் பிற்பகல் வேலைக்குப் புறப்படும் நேரம்.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

“சாப்டேன். கௌசி, ஏழாம் நம்பர் கெடைச்சிருச்சி.”

“எது?”

“கேமரா. வீரய்யா பெரியப்பா ஓடையில இருந்து எடுத்துக் குடுத்தாரு. கார்டு நல்லா இருக்கு. ஒன் படமெல்லாம் இருக்கு. தாளும் இருக்கு.”

சிக்னல் போய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“இப்பத்தான் பாக்கிறீங்களா?” என்றாள்.

“இப்பத்தாம்மா. அஞ்சு வருசமா மெஷின்தான் பிரிக்கிது. மனுசங்க படம் எதையும் நா பாக்கிறதில்ல. அதுவே அழிச்சிரும். ஒங்கிட்ட நா சொல்லல. தப்புத்தான்.”

“நீங்க பாத்துட்டுத்தான் பேசாம இருக்கீங்கன்னு நெனைச்சேன்.” அவள் குரல் சின்னதாகிவிட்டது. “ஒவ்வொரு நாளும் காலையில டீ ஊத்திக் குடுத்துட்டு ஒங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பேன். போனா போகட்டும்னு விட்டுட்டீங்கன்னு நெனைச்சேன்பா.”

அந்தக் காலைகள் எனக்கு ஞாபகம் இருந்தன. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தேநீரில் சீனி சரியா என்று கேட்கிறாள்போல என்று நினைத்து, “நல்லாருக்கும்மா” என்று சொல்லியிருக்கிறேன்.

“இப்ப சொல்லுங்க” என்றாள்.

“என்னம்மா?”

“தாள்ல இருக்கே. அதச் சொல்லுங்க.”

என் அப்பாவின் சொல் அது. அதை என் வாய்க்குள் விடவே கூடாது என்று இருபத்திரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தேன். “வேணாம்மா” என்றேன். “வேணாம், போகாத.”

“சரிப்பா” என்றாள். “போகல.”

அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஜப்பானிய மொழியில் சட்டென்று ஏதோ பதில் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் ஃபோனுக்கு வந்தாள்.

“வேலைக்கு நேரமாச்சிப்பா. போயிட்டு வாரேன்.”

“போயிட்டு வா” என்றேன்.